மதியம் மூன்று மணிக்கு மட்டும் ஏன் மந்தம்?

வாசகர் கேள்வி – பதில்: கணினி வலையமைப்பு

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். இணைய இணைப்பு பதிவிறக்கத்துக்கு 100 மெகாபிட், பதிவேற்றத்துக்கு 20 மெகாபிட். காலையில் வேகச் சோதனை செய்தால் முழு வேகமும் காட்டுகிறது. மதியம் மூன்று மணி ஆனால் காணொளி அழைப்புகள் அறுந்து போகின்றன, பக்கங்கள் திறப்பதில்லை. கண்காணிப்பு மென்பொருள் வாங்கச் சொல்லி ஒரு விற்பனைப் பிரதிநிதி வற்புறுத்துகிறார். ஜாபிக்ஸ் என்ற இலவசக் கண்காணிப்பு மென்பொருளே போதும் என்கிறார் நண்பர். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: இன்றைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் நன்றாக இருக்கிறது, மூன்று மணிக்குக் கெடுகிறது. அப்படியானால் உங்களுக்கு வேண்டியது, நீங்கள் பார்க்காத நேரத்திலும் அளந்து குறித்து வைக்கும் கருவி. வேகச் சோதனை அந்த ஒரு கணத்தைத்தான் காட்டும். காய்ச்சல் மாலையில் வருகிறவரைக் காலையில் மட்டும் சோதித்தால் என்ன தெரியும்?

என்னுடைய முதல் தேர்வு ஸ்மோக்பிங். இலவசம், பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு ஓடவிட்டால் போதும். இயல்பான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 20 பிங் (பதில் கேட்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பி, பதில் வந்த நேரங்களை வரைபடமாக்கும். நடுவில் ஒரு கோடு, அதைச் சுற்றிப் புகை போன்ற சாம்பல் நிறம். புகை தடித்தால் பதில் நேரம் நிலையில்லாமல் அலைகிறது என்று பொருள். அந்தக் கணினியைக் கேபிளில் இணையுங்கள். வைஃபையில் இணைத்தால் வைஃபையின் தொல்லையும் சேர்ந்து பதிவாகிவிடும்.

எதை அளப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். மூன்று இலக்குகள் வையுங்கள்: உங்கள் ரூட்டர், அதற்கு அடுத்துள்ள சேவை நிறுவனத்தின் முதல் ரூட்டர், வெளியே தொலைவில் ஒரு சர்வர். மூன்று மணிக்கு முதல் கோடே ஏறினால் நோய் வீட்டுக்குள். முதல் கோடு அமைதியாக இருந்து இரண்டாவது ஏறினால், நெரிசல் உங்கள் வெளி இணைப்பில். மூன்றாவது மட்டும் ஏறினால் அதற்கும் அப்பால். ஒரு வாரம் ஓடவிடுங்கள். இந்த மூன்று கோடுகளை விடத் தெளிவாகப் பேசும் கருவியை நான் பார்த்ததில்லை.

உங்களுடையதைப் போன்ற ஒரு அலுவலகத்தில் நானே உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். பதிவேற்ற வேகம் அங்கும் 20 மெகாபிட்தான். காலையில் இரண்டாவது கோடு 12 மில்லி விநாடி. மூன்று மணி தாண்டியதும் 600. ஆனால் ஒரு பாக்கெட்கூட, அதாவது தரவின் ஒரு சிறு துண்டுகூட, தொலையவில்லை. ரூட்டரின் பயன்பாட்டு வரைபடமோ 28 சதவீதம் என்றது. பொறுப்பாளர் அதைக் காட்டி, “இணைப்பு முக்கால்வாசி காலியாகத்தானே இருக்கிறது?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை, வரைபடம்தான் அவரை ஏமாற்றியது. அது ஐந்து நிமிடச் சராசரி. ஒரு நிமிடம் முழுதாக நிரம்பி, மற்ற நான்கு நிமிடங்கள் பத்து சதவீதத்தில் இருந்தால் சராசரி சரியாக 28 வரும். அழைப்பு அறுந்ததோ அந்த ஒரு நிமிடத்தில்.

ரூட்டரில் ‘ஐஃப்டாப்’ கட்டளையை ஓட்டினோம். எந்தக் கணினி எவ்வளவு அனுப்புகிறது என்று நொடிக்கு நொடி காட்டும் எளிய கருவி அது. திரையின் முதல் வரியில் கணக்குப் பிரிவின் கணினி நின்றது. அதில் இருந்த காப்புப்பிரதி மென்பொருள், மாறிய கோப்புகளை மூன்று மணியிலிருந்து தவணை தவணையாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தவணையிலும் 20 மெகாபிட்டும் நிரம்பிவிடும். மீதிப் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும். வரிசையில் ஒன்றரை மெகாபைட் சேர்ந்தால் அது 12 மெகாபிட். 20 மெகாபிட் வேகத்தில் அதை வெளியேற்ற 0.6 விநாடி ஆகும். நாங்கள் பார்த்த 600 மில்லி விநாடி அதுதான். பதிவேற்றம் நிரம்பினால் பதிவிறக்கமும் ஏன் தள்ளாடுகிறது என்று பலரும் கேட்பார்கள். பக்கத்தைக் கேட்கும் கோரிக்கையும், வந்து சேர்ந்தது என்று திரும்பிச் செல்லும் ஒப்புதலும் அதே வரிசையில்தான் காத்திருக்கின்றன.

தீர்வுக்குப் பணம் செலவாகவில்லை. காப்புப்பிரதியை இரவுக்கு மாற்றினோம். ரூட்டரில் எஃப்க்யூ-கோடெல் என்ற வரிசை முறையை இயக்கி, பதிவேற்ற உச்சத்தை 19 மெகாபிட்டாக வைத்தோம். அப்படிச் செய்தால் வரிசை வெளியே உள்ள மோடத்தில் சேராமல், நம் கட்டுப்பாட்டில் உள்ள ரூட்டரிலேயே நிற்கும். ஒரு கணினி அனுப்பும் குவியலுக்காக மற்றவை காத்திருக்க வேண்டியதில்லை. 2018இல் ஆர்.எஃப்.சி. 8290 என்ற ஆவணமாக வெளிவந்த முறை இது. இன்று பல ரூட்டர்களில் கிடைக்கிறது. உங்கள் ரூட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜாபிக்ஸ் நல்ல மென்பொருள். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஸ்விட்சுகளும் சர்வர்களும் பத்துப் பதினைந்து இருந்து, ஏதேனும் ஒன்று விழுந்தால் உடனே தெரிய வேண்டும் என்ற நிலை வரும்போது அதை நிறுவுங்கள். இப்போதைய கேள்விக்கு அது தேவையில்லை.

கேள்வி: வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரையும் சோதிக்கும் எம்.டி.ஆர். கருவியில் பார்த்தால் நான்காவது ரூட்டரில் 70 சதவீத இழப்பு காட்டுகிறது. சேவை நிறுவனத்துக்குப் படம் அனுப்பினேன், தங்கள் பக்கம் குறை இல்லை என்கிறார்கள். பொய் சொல்கிறார்களா?

பதில்: கடைசி வரியைப் பாருங்கள். அங்கே இழப்பு பூஜ்யம் என்றால் அவர்கள் சொல்வது சரி. ரூட்டரின் முதல் வேலை பாக்கெட்டுகளைக் கடத்திவிடுவது. நம் சோதனைக்குப் பதில் எழுதுவது அதற்கு உபரி வேலை, அதனால் பல ரூட்டர்கள் அந்தப் பதில்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கின்றன. பதில் வரவில்லை என்பதால் பாக்கெட் கடக்கவில்லை என்று ஆகாது. நான்காவதில் தொடங்கிய இழப்பு ஐந்து, ஆறு என்று கடைசி வரை தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இன்னொன்று. அறிக்கையாக எடுக்கும்போது எம்.டி.ஆர். பத்து முறைதான் அனுப்பும். பத்தில் ஒன்று தொலைந்தால் பத்து சதவீதம் என்று பயமுறுத்தும். குறைந்தது 200 முறை ஓட்டுங்கள், அதுவும் மந்தமாக இருக்கும் நேரத்தில். போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், முடிந்தால் மறுமுனையிலிருந்தும் ஒரு அறிக்கை எடுங்கள். அந்த இரண்டையும், நாள், நேரத்துடன் அனுப்பினால் எந்த நிறுவனத்தின் பொறியாளரும் தட்டிக்கழிக்க முடியாது.

கேள்வி: ஸ்விட்ச் ஒரு கிகாபிட். சர்வருக்குக் கோப்பு நகலெடுத்தால் மிக மெதுவாகப் போகிறது. இரு கணினிகளுக்கு இடையே வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினால் 94 மெகாபிட் என்று வருகிறது. ஸ்விட்சை மாற்றிவிடலாமா?

பதில்: 94 என்ற எண்ணைப் பார்த்ததுமே கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட் இணைப்பு நன்றாக இருந்தால் ஐபெர்ஃப்3 ஏறக்குறைய 940 காட்டும். 94 வந்தால் அந்த இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கி நிற்கிறது. கிகாபிட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை என்ற இரண்டே போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டுப்போனால் பெரும்பாலும் இணைப்பு அறாது, விளக்கும் எரியும், வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிடும். சென்ற மாதம்கூட ஒரு பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஏழு கம்பிகள் பிளாஸ்டிக்கின் விளிம்பைத் தொட்டிருந்தன. பழுப்பு மட்டும் ஒரு நெல்மணி அளவு குட்டையாக, உலோகப் பல்லுக்கு எட்டாமல் நின்றது. வெட்டிப் புதிதாக அடித்ததும் சரியானது.

லினக்ஸில் ‘ஈத்டூல்’ கட்டளை, ஒப்புக்கொண்ட வேகத்தை ஒரே வரியில் சொல்லிவிடும். ஸ்விட்சைத் தொடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் நிறுவி அரை மணி நேரம் பதிவு செய்தேன். லட்சக்கணக்கான வரிகள். எங்கே தொடங்குவது?

பதில்: ஆர்வத்துக்குப் பாராட்டுகள். வயர்ஷார்க் நான் மிகவும் மதிக்கும் கருவி. ஆனால் அதைக் கடைசியில்தான் எடுப்பேன். எந்தப் பகுதியில் மந்தம் என்று தெரிந்த பிறகு, ஒரே ஒரு செயலை, அதிகம் போனால் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு மூன்றைத் தேடுங்கள். மறு அனுப்பல்கள் கொத்துக் கொத்தாக வந்தால் வழியில் இழப்பு. பெறும் கணினி ‘விண்டோ பூஜ்யம்’ என்று அறிவித்தால் அந்தக் கணினியால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. கோரிக்கை போனதற்கு உடனே ஒப்புதல் வந்து, விடை மட்டும் மூன்று விநாடி கழித்து வந்தால் வலையமைப்பின் மேல் பழியில்லை, சர்வர்தான் யோசிக்கிறது.

பக்கம் திறக்க எப்போதும் சொல்லிவைத்தாற்போல் ஐந்து விநாடி தாமதமானால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். கோரிக்கைகளின் பதிவுகளை முதலில் பாருங்கள். லினக்ஸ், பெயர் சர்வர் ஒன்றின் பதிலுக்கு இயல்பாக ஐந்து விநாடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும். பட்டியலில் முதலில் இருக்கும் பெயர் சர்வர் செத்திருக்கலாம்.

கல்லூரியின் வலையமைப்பில் பதிவு செய்வதற்கு முன் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். அதில் போவது மற்றவர்களின் கடிதங்களும் உரையாடல்களும்.

கேள்வி: இணைப்பைக் கிகாபிட்டுக்கு உயர்த்திய பிறகு, ரூட்டர், ஸ்விட்சுகளின் கணக்கைத் தொலைவிலிருந்து படிக்கும் எஸ்.என்.எம்.பி. முறையில் வரும் எங்கள் பழைய வரைபடம் முன்பை விடக் குறைவான பயன்பாட்டைக் காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. நீங்கள் படிப்பது 32 பிட் எண்ணி. அது 4,29,49,67,295 பைட்டுக்கு மேல் எண்ண முடியாமல் மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். முழுக் கிகாபிட் வேகத்தில் 34 விநாடிக்கு ஒருமுறை அப்படிச் சுற்றிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் கருவிக்கு, இடையில் எத்தனை சுற்று போனது என்று தெரிய வழியில்லை. அதே கருவியில் 64 பிட் எண்ணிகளைப் படிக்கும்படி அமைப்பை மாற்றுங்கள். அதற்கு எஸ்.என்.எம்.பி. பதிப்பு 1 உதவாது. 2சி அல்லது 3 வேண்டும். புதிதாக அமைப்பதென்றால் 3ஐயே தேர்ந்தெடுங்கள். 2சியில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் வெறும் எழுத்தாகவே போகிறது.