மாணவர் விசாவில் இருந்தாலும் லண்டன் அசெம்பிளிக்கு ஓட்டுப் போடலாம்

கேள்வி: நான் இந்தியக் குடிமகன். மாணவர் விசாவில் லண்டனில் வாடகைக்கு இருக்கிறேன். வாக்காளராகப் பதியச் சொல்லி கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பதிந்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா? அறை பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் 40 பவுண்டு கொடுத்தால் தானே பதிந்து தருவதாகச் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த 40 பவுண்டைக் கொடுக்காதீர்கள். பதிவு இலவசம், அரசு இணையதளத்தில் நீங்களே செய்துவிடலாம். வேலை, வரிக் கணக்குக்காகத் தரும் நேஷனல் இன்சூரன்ஸ் எண் இல்லையென்றாலும் விண்ணப்பிக்கலாம். கவுன்சில் வேறு ஆவணம் கேட்கும், அவ்வளவுதான். பதிந்தால் கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் கிரெடிட் ரெக்கார்டுக்கு நல்லது என்று ஏஜென்ட் ஆசை காட்டுவார். அது உண்மைதான், ஆனால் நீங்களே பதிந்தாலும் அதே பலன்தான். இதற்காக உங்கள் பாஸ்போர்ட் நகலை யாரோ ஒருவர் போனில் விட்டுவைக்காதீர்கள்.

விசாவுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டவர் செல்லுபடியாகும் விசாவோடு லண்டனில் குடியிருந்து, 18 வயதும் ஆகியிருந்தால், மேயரின் வேலையைக் கண்காணிக்கும் சபையான லண்டன் அசெம்பிளிக்கு ஓட்டு உண்டு. புகலிடம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு, தங்கும் அனுமதி இல்லாதவரை, ஓட்டு கிடையாது. அவர்களிடமும் பணம் வாங்கிக்கொண்டு பதிந்து தருவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், மாட்டிக்கொள்வது விண்ணப்பித்தவர்தான். அனுமதி கிடைத்துவிட்டால் கதை வேறு. அகதியாக ஏற்கப்பட்டவர் இலங்கைக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்தால் அவரும் காமன்வெல்த் குடிமகன்தான், தாராளமாகப் பதியலாம். வாக்குச்சாவடியில் படத்தோடு அடையாள ஆவணம் காட்ட வேண்டுமே, அவரிடம் பாஸ்போர்ட் இருக்காதே என்பீர்கள். படத்தோடு வாக்காளர் சான்றிதழ் ஒன்றை இலவசமாகவே தருகிறார்கள். தேர்தலுக்கு 6 வேலை நாள் முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பித்தால் போதும்.

உங்களுக்கு அது தேவையில்லை, இந்திய பாஸ்போர்ட்டையே ஏற்பார்கள். போனில் காட்டும் இ-விசா செல்லாது. எல்லாரையும் இ-விசாவுக்கு மாறச் சொல்லிவிட்டு, வாக்குச்சாவடியில் கையில் பிடிக்கும் அட்டைதான் வேண்டும் என்றால் என்ன நியாயம்? லண்டன் பஸ், ரயிலில் காட்டும் ஆய்ஸ்டர் பயண அட்டையில் முதியவரின் 60+ அட்டை செல்லும், மாணவர் ஆய்ஸ்டர் செல்லாது. இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அசெம்பிளியில் 25 உறுப்பினர்கள். 14 பேர் தொகுதிவாரியாக, அதிக ஓட்டு வாங்கியவர் என்ற கணக்கில் வருவார்கள். மீதி 11 இடங்கள் லண்டன் முழுவதும் கட்சிகள் வாங்கிய ஓட்டைப் பொறுத்தவை. அதில் 5 சதவீதம் தொடாத கட்சிக்கு இடமில்லை. அதனால் மேயருக்கும் சேர்த்து உங்கள் கையில் மூன்று வாக்குச்சீட்டு தருவார்கள். 2024 தேர்தலில் ஒரு வாக்குச்சீட்டுக்கு ஒரே ஒரு பெருக்கல் குறிதான். இரண்டு பேருக்குப் போட்டால் அந்தச் சீட்டு செல்லாது.

தபால் ஓட்டு வாங்கினால் உறையை நீங்களே ஒட்டி நீங்களே அனுப்புங்கள். "நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்" என்று வாசலுக்கு வரும் கட்சிக்காரர் அடுத்தவர் தபால் ஓட்டைத் தொடுவதே இப்போது சட்டப்படி குற்றம். தெரிந்த அண்ணன்தானே என்று கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த அசெம்பிளி தேர்தல் 2028 மே மாதம். பதிய கடைசி நாள் அதற்கு 12 வேலை நாள் முன்பு. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம், கவுன்சில் கடிதத்துக்கு இந்த வாரமே பதில் போடுங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் 80 பவுண்டு அபராதம் வரலாம்.