மணல் தீவுக்குப் போக ஃபோர் வீல் டிரைவ் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. பிரிஸ்பேனில் இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அவர்களைக் கரி தீவுக்கு (பழைய பெயர் ஃபிரேசர் தீவு) கூட்டிக்கொண்டு போய் ஏரி, கடற்கரை எல்லாம் நானே வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மணலில் ஓட்டி எனக்குப் பழக்கம் இல்லை. பயணத்துக்கென்று 3,200 டாலர் சேர்த்திருக்கிறோம். வீட்டுக்கடனின் ஆஃப்செட் கணக்கில் (கடனோடு இணைந்து வட்டியைக் குறைக்கும் சேமிப்புக் கணக்கு) அவசரத்துக்கு 9,000 இருக்கிறது. எட்டு பேர் உட்காரும் ஃபோர் வீல் டிரைவை 4 நாளுக்கு வாடகைக்குக் கேட்டால் 1,600 டாலர், எக்ஸஸ் (வண்டிக்குச் சேதம் வந்தால் நாம் கட்ட வேண்டிய தொகை) 5,000 என்கிறார்கள். "வாடகைக்குக் கொட்டுவதற்குப் பதில் பழைய வண்டி ஒன்று வாங்கிவிடு, 32,000க்கு நல்லதே கிடைக்கும், கடன் 9 சதவீதம்" என்கிறார் நண்பர். அப்பாவுக்கு முதுகு வலி உண்டு. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, வண்டி வாங்காதீர்கள். இந்தத் தடவை வாடகைக்கும் எடுக்காதீர்கள். இரண்டாவது சொன்னது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். அதனால் காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் நண்பர் கணக்கு. 32,000 டாலர், 9 சதவீதம், 5 வருடம் என்றால் மாதம் சுமார் 664 டாலர் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 7,850 டாலர் போய்விடும், அப்புறம் ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், பெரிய டயர், பெரிய வண்டியின் பெட்ரோல் எல்லாம் தனி. வருடத்தில் 361 நாள் தார் ரோட்டில் பள்ளிக்கும் கடைக்கும் போகிற வண்டிக்கு, மீதி 4 நாளுக்காக இவ்வளவா? அதோடு கடற்கரையில் ஓடிய வண்டியை விற்கப் போனால், வாங்க வருபவர் முதலில் குனிந்து அடியில்தான் பார்ப்பார். அந்தத் தீவின் கரையிலேயே மஹேனோ என்ற கப்பல் துருப்பிடித்துக் கிடக்கிறது. 1905-இல் கட்டியது, முதல் உலகப்போரில் மருத்துவக் கப்பலாக ஓடியது, 1935-இல் உடைப்பதற்காக ஜப்பானுக்கு இழுத்துப் போகும்போது புயலில் சிக்கிக் கரை தட்டியது. அத்தனை பெரிய இரும்பை உப்புக்காற்றும் அலையும் என்ன பாடுபடுத்தியிருக்கின்றன என்று நேரில் பார்த்தால், 32,000 டாலர் வண்டியை அந்தக் கரையில் இறக்க யாருக்கும் கை நடுங்கும்.

இப்போது வாடகை. 1,600 டாலர் உங்கள் பட்ஜெட்டுக்குள் வருகிறதுதான். நான் பயப்படுவது அந்த 5,000 எக்ஸஸுக்கும், அதற்குப் பின்னால் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருப்பதற்கும். இந்த மாதிரி வாடகை ஒப்பந்தங்களில் உப்புநீர் ஏறியது, அலையில் மாட்டியது, வண்டி கவிழ்ந்தது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் காப்பீடே கிடையாது. அதாவது 5,000-உடன் நிற்காது, முழு வண்டியின் விலையும் உங்கள் தலையில் விழலாம். பயணக் காப்பீடு எடுத்தால் வாடகை வண்டியின் எக்ஸஸைத் தருவார்களே என்று நினைப்பீர்கள். ஒப்பந்த விதியை மீறியிருந்தால் அதுவும் கைவிடும், பாலிசி ஆவணத்தில் விலக்குகள் பகுதியை ஒருமுறை படியுங்கள். உங்கள் 9,000 எதற்கு இருக்கிறது? ஒருவருக்கு வேலை போனால் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்க. ஆஃப்செட்டில் இருந்துகொண்டு, 6 சதவீத வீட்டுக்கடன் என்றால் வருடம் 540 டாலர் வட்டியும் மிச்சம் பிடிக்கிறது. அதை ஒரு அலையிடம் பந்தயம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அலை என்று சும்மா சொல்லவில்லை. அங்கே 75 மைல் கடற்கரை என்பதே ரோடுதான், 80 கிலோமீட்டர் வேக வரம்பு உண்டு, போலீஸ் உண்டு, சிறு விமானங்கள்கூட அதிலேயே இறங்கும். ஆனால் கடல் ஏறும்போது அந்த ரோடு காணாமல் போய்விடும். உச்ச அலை நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டாதீர்கள் என்பதுதான் அங்கே எல்லோரும் சொல்லும் முதல் பாடம். நாங்கள் போயிருந்தபோது ஒரு குடும்பம் படகைப் பிடிக்கும் அவசரத்தில் அந்த நேரத்திலேயே கிளம்பி, ஓடை அறுத்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. அலை கதவு வரை வந்தது. ஓட்டியவர் திறமையானவர்தான், அவருக்கு நேரம்தான் இல்லை. பின்னால் பசியோடு பிள்ளைகள், முதுகு வலியோடு அப்பா, மாலைப் படகு என்று எல்லாம் சேர்ந்தால் நீங்களும் அவசரப்படுவீர்கள். அந்த அவசரத்தின் விலைதான் எனக்குக் கவலை.

அப்பாவுக்காக இன்னொன்று. உள் ரோடுகள் முழுக்க மேடுபள்ளமான மணல் தடம். வேக வரம்பே 30 கிலோமீட்டர், அதையும் பல இடத்தில் எட்ட முடியாது. பழக்கமில்லாத ஓட்டுநரின் வண்டியில் அந்தக் குலுக்கல் இரண்டு மடங்கு.

அதனால் என் யோசனை: தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹார்வி பே ஊரில் இரண்டு இரவு தங்குங்கள், ஒருநாள் பஸ் டூரில் தீவுக்குப் போங்கள். உயரமான ஃபோர் வீல் டிரைவ் பஸ், தினமும் அதே மணலில் ஓட்டுகிறவர் ஓட்டுவார், படகும் அனுமதிச் சீட்டும் பெரும்பாலும் மதியச் சாப்பாடும் கட்டணத்திலேயே அடங்கும். பெரியவர்களுக்கு ஆளுக்கு 200 டாலருக்கு மேல் போகும், ஆறு பேருக்கு 1,400 ஒதுக்குங்கள். தங்க 600. உங்கள் காரில் ஆறு பேர் உட்கார முடியாது என்பதால் தார் ரோட்டுக்கு மட்டும் ஒரு வேன் வாடகை 400, பெட்ரோல் 120, சாப்பாடு 350. மொத்தம் 2,870. கையில் 330 மிஞ்சும். பள்ளி விடுமுறை என்பதால் அறை விலை ஏறும், ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்து இப்போதே பிடித்துவிடுங்கள்.

ஒரே நாளில் என்ன பார்ப்பது என்று கேட்பீர்கள். முக்கியமானவை எல்லாம் பார்க்கலாம், தம்பி. மெக்கென்சி ஏரி, அந்த மண்ணின் புட்சுல்லா மக்கள் சொல்லும் பெயரில் பூரங்கூரா, கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் மணல்மேல் நிற்கும் மழைத்தண்ணீர். இலைதழை மக்கி மணலை இறுக்கி அடித்தளம் போட்டதால் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறது. அதில் ஓடை வருவதும் இல்லை, போவதும் இல்லை. அதனால் பிள்ளைகளுக்குச் சன்ஸ்கிரீன் பூசி இறக்கினால் அது ஏரியிலேயே தங்கிவிடும், முழுக்கை நீச்சல் சட்டை போட்டு விடுங்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பழைய வனத்துறை முகாமில் வாங்கூல்பா ஓடை வெள்ளை மணல்மேல் சத்தமே இல்லாமல் ஓடும், மரப்பலகை நடைபாதை இருப்பதால் அப்பா அம்மா நிதானமாக நடக்கலாம். ஈலை ஓடையில் பிள்ளைகள் மிதந்துகொண்டே கடற்கரை வரை வருவார்கள். கடலில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம், சுறாவும் இழுப்பு நீரோட்டமும் உண்டு. இந்தியன் ஹெட் பாறைமுனையும் ஷாம்பெயின் குளங்களும் பெரும்பாலும் இரண்டு நாள் டூரில்தான் வரும், இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

அம்மா கைப்பையில் முறுக்கு, அதிரசம் கட்டாயம் இருக்கும். ஏரிக்கரைக்குச் சாப்பாடு கொண்டுபோகவே கூடாது, வேலி போட்ட இடத்தில்தான் சாப்பிட வேண்டும். டிங்கோ என்ற காட்டு நாய்களுக்கு உணவு போட்டால் அபராதம் 2,000 டாலரைத் தாண்டும். ஊர் நாய் மாதிரி நினைத்துப் பாசத்தில் ஒரு துண்டு போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்லியாக வேண்டும். குவீன்ஸ்லாந்துவாசிகளான உங்களுக்கு ஆம்புலன்ஸ் இலவசம், விசிட்டர் விசாவில் வரும் அப்பா அம்மாவுக்குக் கிடையாது. இந்தியாவோடு மெடிகேர் (ஆஸ்திரேலிய அரசு மருத்துவக் காப்பீடு) ஒப்பந்தமும் இல்லை. தீவில் ஆஸ்பத்திரியும் இல்லை. அவர்களுடைய மருத்துவக் காப்பீட்டில் ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா, பழைய முதுகு வலியை விலக்கியிருக்கிறார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்டால் மிச்சமிருக்கும் 330-லிருந்து கட்டுங்கள்.

உங்கள் ஓட்டும் ஆசை எங்கும் போகவில்லை. கடனுக்கு மாதம் 664 கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா, அதைத் தனிக் கணக்கில் உங்களுக்கே கட்டிக்கொள்ளுங்கள். 12 மாதத்தில் 7,968 டாலர். வாடகையும் போட்டு 5,000 எக்ஸஸையும் அதிலேயே தனியாக எடுத்து வைக்கலாம். மணலில் ஓட்ட ஒருநாள் பயிற்சி எடுங்கள். அடுத்த வருடம் நீங்கள் நான்கு பேர் மட்டும், உச்ச அலை நேரம் முழுக்க ஒரு மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்க முடிகிற மாதிரி திட்டம் போட்டுப் போங்கள். இந்தியன் ஹெட் பாறைமேல் நின்றால் திமிங்கிலம் பார்க்கலாம், அதற்குக் காசு கிடையாது.

பஸ் டூர் பதிவு செய்யும்போது அப்பாவுக்கு முன்பக்க சீட் வேண்டும், முதுகு வலி இருக்கிறது என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டில்தான் தூக்கிப்போடும்.