கெம் கெம் பல்: எதுவரை அசல், எங்கிருந்து புட்டி?

மொராக்கோவின் கெம் கெம் பகுதியிலிருந்து வரும் டைனோசர் பற்களை வாங்கும் முன் வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: 7 செ.மீ. ஸ்பைனோசாரஸ் பல் ஒன்று மலிவாக வருகிறது சார். இந்த விலைக்குக் கிடைத்தால் போலியாகத்தானே இருக்கும்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. டைனோசர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. கெம் கெம் மணற்கல் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆற்றுப் படிவு. அதில் ஸ்பைனோசாரஸ் என்ற பெரிய மீனுண்ணி டைனோசரின் பற்கள் ஏராளம். அதனால் ரெசினில் (செயற்கைப் பிசின்) வார்த்த முழுப்போலி குறைவு, பாதி அசல்தான் அதிகம்.

அங்கே கையால் சுரங்கம் தோண்டித்தான் எடுக்கிறார்கள். பல் பெரும்பாலும் துண்டுகளாகவே வெளியே வரும். அதே பல்லின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டியிருந்தால் குறையே இல்லை. காணாமல்போன இடத்தைப் புட்டியால் (ஓட்டை அடைக்கும் பசைக்கலவை) நிரப்பி வர்ணம் பூசியிருந்தால், அதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்க வேண்டும். இரண்டு மூன்று பற்களின் துண்டுகளைச் சேர்த்து ஒரு பல்லாக்கியிருந்தால் வாங்காதீர்கள். அப்படியொரு பல் எந்த விலங்கின் வாயிலும் இருந்ததில்லை.

கேள்வி: கையில் வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கையடக்க உருப்பெருக்கி), பக்கவாட்டில் பிடித்த டார்ச் வெளிச்சம், இரண்டும் போதும். ஸ்பைனோசாரஸ் பல்லில் அடியிலிருந்து நுனி நோக்கி மெல்லிய வரிப்பள்ளங்கள் ஓடும். அவற்றுக்கு இடையே எனாமலில் (பல்லின் கடினமான மேலுறை) நுணுக்கமான சுருக்கங்கள் இருக்கும். முன்னும் பின்னும் ஒவ்வொரு விளிம்புக்கோடு உண்டு, ஆனால் அதில் ரம்பப்பல் இருக்காது. பல்லை மெதுவாகச் சுழற்றி ஒவ்வொரு வரியையும் கண்ணால் தொடருங்கள். ஓரிடத்தில் வரி சட்டென நின்று, மொழுமொழுவென்ற பட்டை வந்து, அதற்குப் பின் மறுபடி வரி தொடங்கினால் அந்தப் பட்டை புட்டி.

விரிசல்களையும் பாருங்கள். அசல் விரிசல் கிளைவிட்டு, ஆழத்தில் மண்ணேறி, எனாமலைத் தாண்டி உள்ளே போகும். வர்ணத்தில் வரைந்த விரிசலுக்கு ஆழம் இருக்காது. குண்டூசித் தலையைவிடச் சிறிய வட்டக் குழிகள் தெரிந்தால் அவை ரெசினில் சிக்கிய காற்றுக்குமிழ்கள்.

நுனிதான் அதிகம் திருத்தப்படும் இடம். இரை தின்று தேய்ந்த நுனி வழவழப்பாக இருப்பது இயல்பே. ஆனால் தேய்மானத்தின் ஓரத்தில் எனாமலின் தடிமனும் உள்ளேயிருக்கும் டென்டினும் (எனாமலுக்கு அடியிலுள்ள பல்திசு) தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரே நிறத்தில் கூர்மையாக முடிந்து, விளிம்புக்கோடும் சற்றே வளைந்து விலகினால் அது செய்த நுனி.

கேள்வி: வேரோடு முழுப்பல் என்று அதிக விலை சொல்கிறார்கள். நம்பலாமா?

இங்கேதான் கலப்பு அதிகம். தானாக விழுந்த பல்லின் வேர் முன்பே கரைந்துபோயிருக்கும், அடியில் குழிதான் மிஞ்சும். வேரோடு கிடைக்க வேண்டுமென்றால் பல் விழும் முன் விலங்கு இறந்திருக்க வேண்டும். அது அரிது. எனவே வேரும் எனாமலும் சந்திக்கும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். அங்கே மணலும் பசையும் கலந்த வளையம் இருக்கிறதா? வேரின் அகலமும் குறுக்குவெட்டு வடிவமும் மேலே சீராகத் தொடர்கின்றனவா? நெடுக்கு விரிசல் ஒன்றாவது எல்லையைக் கடந்து வேருக்குள் போகிறதா? எல்லா விரிசலும் ஒரே கோட்டில் நின்றுவிட்டால் அவை இரண்டு வேறு பற்கள்.

கேள்வி: அசிட்டோன் தேய்த்துப் பார்க்கலாமா? சூடான ஊசி வைக்கச் சொல்கிறார்களே?

அசிட்டோன் சரி, ஊசி வேண்டாம். பஞ்சுக்குச்சியை அசிட்டோனில் நனைத்து, பிழிந்து, சந்தேக இடத்தில் அரிசி அளவுக்கு மட்டும் உருட்டுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஏறி அடியில் வெளிறிய புட்டி தெரிந்தால் வர்ணம். பிசுபிசுப்பு மட்டும் வந்தால் அவசரப்பட்டுப் போலி என்று சொல்லாதீர்கள். உதிரும் பல்லைக் காப்பாற்ற அருங்காட்சியகங்களும் அசிட்டோனில் கரையும் பிசினைத்தான் ஊட்டுகின்றன. முழுப்பல்லையும் அசிட்டோனில் போட்டால் சூப்பர் குளூ இளகி, பல் துண்டு துண்டாகப் பிரியும். எபாக்சி என்ற இருகலவைப் பசை கரையாது, ஆகவே எதுவும் வரவில்லை என்பது மட்டும் நற்சான்று ஆகாது. ஊசியில் பிளாஸ்டிக் நாற்றம் வந்தால் ரெசின் என்பது உண்மைதான். ஆனால் பசை ஊறிய அசல் பல்லும் அப்படியே நாறும், வடுவும் அழியாது.

கேள்வி: புறஊதா டார்ச்?

365 நானோமீட்டர் அலைநீளம் உள்ளதை வாங்குங்கள். 395இல் ஊதா வெளிச்சமே கண்ணை மறைத்துவிடும். இருட்டறையில் பசையும் புட்டியும் பெரும்பாலும் நீலவெண்மையாகத் தனித்து ஒளிரும். பஞ்சிழையும் தூசும்கூட ஒளிரும் என்பதால் முதலில் தூரிகையால் தட்டிவிடுங்கள்.

கேள்வி: எடையை வைத்துச் சொல்ல முடியுமா?

முழு வார்ப்பைப் பிடிக்க அருமையான வழி. 0.1 கிராம் காட்டும் தராசில் பல்லை எடைபோடுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். இப்போது காட்டும் கிராம்தான் பல்லின் கன அளவு. 31 கிராம் பல்லுக்கு 11 காட்டினால் அடர்த்தி 2.8, அசல் பல்லுக்கு ஏற்ற எண். வெறும் ரெசின் 1.2 அருகில் நிற்கும். மணல் கலந்தால் ஏறும், அப்போதும் அசலைவிடக் குறைவாகவே இருக்கும். மண் ஒட்டியிருக்கும் பல்லை நனைக்காதீர்கள். கலப்புப் பல்லின் துண்டுகள் எல்லாமே அசல் என்பதால் இந்தச் சோதனையில் அது தப்பிவிடும்.

கேள்வி: பாறையில் பதிந்த பல் இன்னும் நம்பகமானதா?

இல்லை. பல் தனி, பாறை தனி என எடுத்துச் சேர்த்து ஒட்டுவது வழக்கம். பல்லுக்கு அருகிலும் பாறையின் மறுபக்கத்திலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மணற்கல் உறிஞ்சும், பசை கலந்த மணலில் சொட்டு அப்படியே நிற்கும்.

கேள்வி: “ஆப்பிரிக்க டி. ரெக்ஸ்” என்று விற்கிறார்களே?

டைரனோசாரஸ் ரெக்ஸ் ஆப்பிரிக்காவில் வாழ்ந்ததே இல்லை. அது வட அமெரிக்க விலங்கு, கெம் கெமுக்கு மூன்று கோடி ஆண்டுகள் பிந்தியது. அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் கார்காரடான்டோசாரஸ் என்ற வேறொரு ஊனுண்ணி டைனோசரின் பல். தட்டையான பல், இரு விளிம்பிலும் ரம்பம். அந்த ரம்பத்தைச் செதுக்கித் திருத்துவார்கள். இயற்கையான ரம்பப்பல் ஒவ்வொன்றுக்கும் எனாமல் போர்வை உண்டு. செதுக்கியதில் அராவிய கீறல் தெரியும், இடைவெளியும் தாறுமாறாக இருக்கும்.

கேள்வி: திருச்சி அருகே காரையில் முக்கோணப் பல் ஒன்று கிடைத்தது. டைனோசரா?

காரைப் படிவு கடலில் உண்டானது, அங்கே சுறாப் பற்கள் கிடைக்கின்றன. அடியில் இரண்டாகப் பிரிந்த திண்ணமான வேர் இருந்தால் சுறாதான். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் டைனோசர் பல் கிடைத்தது உண்மை. ட்ரூடான்டிட் என்ற சிறிய டைனோசர் வகையின் பல் என்று 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்த பல் அது. கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து, புவியியல் துறை உள்ள கல்லூரியில் காட்டுங்கள்.

கேள்வி: படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டியிருந்தால்?

நான்கு பக்கம், நுனி, அடிக்குழி என ஆறு படம் கேளுங்கள். அளவுகோலும் வைத்திருக்க வேண்டும், பல்லில் எண்ணெயோ வார்னிஷோ பூசியிருக்கக் கூடாது. புறஊதாவில் ஒரு படமும் கேளுங்கள். “எத்தனை மில்லிமீட்டர் நிரப்பியிருக்கிறீர்கள்?” என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். நல்ல எனாமலோடு 10 செ.மீ. தாண்டிய ஸ்பைனோசாரஸ் பல்லுக்கு இந்தப் பதில் வராமல் பணம் அனுப்பாதீர்கள்.