ஃபுட்பால் சீசன் டிக்கெட் எடுக்கலாமா? அமெரிக்காவில் படிக்கும் மாணவர்களுக்கான கேள்வி-பதில்

ஆகஸ்ட் கடைசி முதல் டிசம்பர் முதல் வாரம் வரை, சனிக்கிழமை என்றாலே அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் ஃபுட்பால்தான். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு மோதும் ஆட்டம். நம் பிள்ளைகள் முதல் ஆட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போய், மூன்றாவது ஆட்டத்துக்குள் அணியின் நிறத்திலேயே சட்டை வாங்கிவிடுகிறார்கள். பணம் தொடர்பாக அவர்கள் அடிக்கடி கேட்பவை கீழே.

கேள்வி: ஆகஸ்டில் எம்.எஸ். சேரப்போகிறேன். ஜூன் மாதமே "மாணவர் சீசன் டிக்கெட் விற்பனை" என்று மெயில் வந்துவிட்டது. இப்போதே வாங்க வேண்டுமா? சென்னையிலிருந்து கார்டு போட்டால் எடுக்குமா?

முதலில் உங்கள் கட்டண விவரத்தைத் திறந்து "அத்லெடிக்ஸ் ஃபீ" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அரிசோனா ஸ்டேட், பஃபலோ போன்ற பல்கலைக்கழகங்களில் மாணவர் நுழைவுக்கான பணம் அந்தக் கட்டணத்திலேயே போய்விடுகிறது. அங்கே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இணையத்தில் டிக்கெட்டைக் கேட்டு எடுத்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே கொடுத்த காசுக்கு இன்னொரு முறை யாரிடமும் காசு கொடுக்காதீர்கள்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் மாதிரி இடங்களில் நடைமுறை வேறு. ஸ்போர்ட்ஸ் பாஸைத் தனியாக வாங்க வேண்டும், ஆனால் பாஸ் இருந்தால் மட்டும் இருக்கை வந்துவிடாது. ஆட்டம் நடக்கும் வாரத்தில் வரிசையில் நின்று டிக்கெட் எடுக்க வேண்டும். மேல் வகுப்பு மாணவர்களுக்கு முதல் நாள், இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்குக் கடைசி நாள். உள்ளே போனாலும் உட்கார முடியாது; ஆட்டம் முழுக்க நிற்பது அங்கே மரபு. பென் ஸ்டேட்டில் ஸ்டேடியம் ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும், இருந்தும் மாணவர் டிக்கெட் வேகமாகத் தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் பிரிவுக்கான விற்பனை திறக்கும் நிமிடத்தில் நீங்கள் இணையத்தில் இருந்தாக வேண்டும்.

எடுக்கலாமா வேண்டாமா என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு சீசனில் பெரும்பாலும் 12 ஆட்டம், அதில் உங்கள் பல்கலைக்கழக ஊரிலேயே நடப்பது ஆறு முதல் எட்டு வரை. அவற்றில் மிட்டெர்ம் வாரம், நன்றி நவிலல் விடுமுறை, அசைன்மென்ட் நெரிக்கும் வாரம் ஆகியவற்றைக் கழியுங்கள். மிச்சம் எத்தனையோ அதை வைத்து மொத்த விலையை வகுங்கள். ஏழு ஆட்டத்துக்கு 210 டாலர் என்றால் ஆட்டத்துக்கு 30 என்று தோன்றும். மூன்றுக்குத்தான் போவீர்கள் என்றால் அது 70. தனி ஆட்டத்துக்கு மாணவர் டிக்கெட் விற்கும் பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டருக்குத் தனியாக எடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. சீசனாகத்தான் விற்பார்கள், அதுவும் தீர்ந்துபோகும் என்றால் தயங்க வேண்டாம்.

கார்டு விஷயம்: ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து இந்தியக் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வங்கிச் செயலிக்குள் போய்ச் சர்வதேசப் பயன்பாடு, இணையப் பரிவர்த்தனை இரண்டையும் விற்பனைக்கு முந்தைய நாளே இயக்கி, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். வரிசையில் உங்கள் முறை வந்த பிறகு இதைச் செய்யப் போனால் கூடையில் இருந்த டிக்கெட் போய்விடும். சில இடங்களில் தொகையை மாணவர் கணக்கில் ஏற்றிக்கொள்ள வழி உண்டு. இருந்தால் அதுவே சுலபம்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பெரிய ஆட்டத்துக்கான டிக்கெட்டை 80 டாலருக்குத் தருகிறார். ஜெல்லில் (வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் அமெரிக்கச் சேவை) பணம் அனுப்பினால் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்கிறார். நம்பலாமா?

வேண்டாம். ஆள் நல்லவராகவே இருந்தாலும் இந்த முறை தவறு.

இப்போது பல ஸ்டேடியங்களில் டிக்கெட்டின் பார்கோடு சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். செயலியில் பார்த்தால் பார்கோடின் மேல் ஒரு கோடு ஓடுவது தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்த நொடியிலேயே அது செத்த டிக்கெட். வாசலில் சிவப்பு விளக்கு எரியும், ஊழியரால் ஒன்றும் செய்ய முடியாது. போதாததற்கு மாணவர் டிக்கெட் என்றால் அடையாள அட்டையும் கேட்பார்கள். வேறு பல்கலைக்கழகத்து நண்பருக்காக வாங்கினால் அங்கேயும் மாட்டிக்கொள்வீர்கள்.

சரியான வழி, பல்கலைக்கழகத்தின் டிக்கெட் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு "டிரான்ஸ்ஃபர்" செய்யச் சொல்வது. டிரான்ஸ்ஃபர் வந்து, நீங்கள் ஏற்றுக்கொண்டு, டிக்கெட் உங்கள் பெயரில் தெரிந்தால்தான் அது கைக்கு வந்ததாக அர்த்தம். மாணவர் டிக்கெட்டை இன்னொரு மாணவருக்கு மட்டுமே மாற்றலாம் என்ற விதி பல இடங்களில் உண்டு, அதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முறையில் கறாராக இருங்கள். ஜெல்லில் நீங்களே அனுப்பிய பணம் போனால் போனதுதான். பேபாலில் "நண்பர்கள், குடும்பம்" என்று தேர்ந்தெடுத்தால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. பொருள், சேவைக்கான வகையில் அனுப்பினால் புகார் செய்ய இடம் உண்டு. விற்பவர் "கட்டணம் பிடிப்பார்கள், நண்பர் என்று போட்டு அனுப்புங்க" என்றால் அந்தக் கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் விலகிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் பத்திரம் அதிகாரப்பூர்வ மறுவிற்பனைத் தளத்தில் கிரெடிட் கார்டில் வாங்குவது. தவறாகப் பிடித்த தொகை முதலில் வந்த பில் தேதியிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுதினால் சட்டப்படி விசாரித்தாக வேண்டும். 2025 மே 12 முதல் எல்லாக் கட்டாயக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று மத்திய வணிக ஆணையத்தின் விதி இருக்கிறது. முதல் பக்கத்தில் 45, கடைசிப் பக்கத்தில் 63 என்று காட்டினால் புகார் கொடுங்கள்.

அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள். எளிய எதிரணி, நண்பகல் ஆட்டம், மழை முன்னறிவிப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே கடைசி 24 மணி நேரத்தில் மறுவிற்பனை விலை இறங்குவது வழக்கம். பரம வைரி அணியோடு ஆட்டம் என்றால் அந்த நம்பிக்கையில் இருக்க வேண்டாம்.

கேள்வி: அக்டோபரில் அப்பா, அம்மா வருகிறார்கள். ஒரு ஆட்டத்துக்காவது கூட்டிப்போக ஆசை. மாணவர் பகுதியிலேயே இருவருக்கும் டிக்கெட் எடுத்துவிடலாமா?

கூட்டிப்போங்கள், ஆனால் மாணவர் பகுதிக்கு அல்ல. அங்கே மூன்றரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், பெஞ்சின் மேலேயே ஏறி நிற்பார்கள், உங்கள் அம்மாவுக்கு மைதானமே தெரியாது. மாணவர் டிக்கெட்டைக் கூடுதல் பணம் கட்டி விருந்தினர் டிக்கெட்டாக மாற்றும் வசதி சில இடங்களில் இருந்தாலும் இதற்காக அதைச் செய்யாதீர்கள். எளிய எதிரணியோடு பகலில் நடக்கும் ஆட்டமாகப் பார்த்து, மூன்று பேருக்கும் பொதுப் பகுதியில் சேர்ந்தாற்போல் டிக்கெட் எடுங்கள்.

வரிசை எண்ணைக் கவனியுங்கள். எண் கூடக் கூடப் படிகளும் கூடும். பழைய ஸ்டேடியங்களில் லிஃப்ட் எல்லாப் பகுதிக்கும் போகாது. முழங்கால் வலி உள்ளவர் என்றால் டிக்கெட் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, படி ஏறத் தேவையில்லாத இருக்கையைக் கேளுங்கள். பெரும்பாலும் சாய்மானம் இல்லாத உலோக பெஞ்ச்தான், ஒருவருக்கு ஒன்றரை அடி அகலம் கிடைத்தால் அதிகம். சாய்மானத்தோடு கூடிய மெத்தை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். வெளியிலிருந்து கொண்டுவரும் மெத்தைக்குக் கைப்பிடி, பை எல்லாம் இருக்கக் கூடாது என்ற விதி பரவலாக உண்டு.

பை விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் திரும்பி நடக்கிறார்கள். பெரும்பாலான ஸ்டேடியங்களின் விதி: உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பை, 12 x 6 x 12 அங்குலத்துக்குள்; அல்லது ஒரு கேலன் ஜிப் பை. அதோடு 4.5 x 6.5 அங்குலத்துக்குள் ஒரு சிறு கைப்பர்ஸ். அம்மாவின் வழக்கமான தோள்பை நிச்சயம் உள்ளே போகாது. அணியின் சின்னம் போட்ட பை வாங்கத் தேவையில்லை, மளிகைக் கடை ஜிப் பை போதும். சர்க்கரை நோய்க்கு மருந்து, ஊசி கொண்டுபோவதென்றால் மருத்துவத் தேவைக்கான வாசல் எது என்று முன்பே பார்த்து வையுங்கள். சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். சைவர்களுக்கு உள்ளே பாப்கார்ன், பிரெட்சல், நாச்சோஸ் இவைதான் பெரும்பாலும் கிடைக்கும். கார் நிறுத்தும் இடத்திலேயே எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. சுற்றிலும் எல்லாரும் அடுப்பு மூட்டி அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள், அதற்குப் பெயர் டெயில்கேட். ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடாத ஸ்டேடியங்களே அதிகம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

குடைக்கு அனுமதி இல்லை. மடித்துப் பையில் வைக்கும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அருகில் மின்னல் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மீண்டும் தொடங்கும், இடையில் இன்னொன்று அடித்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. தாமதமானதற்காகப் பணம் திரும்பி வராது.

கேள்வி: டாலஸில் படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு அணியே இல்லை. என்ன செய்வது?

யுடி டாலஸில் ஃபுட்பால் அணி கிடையாது. யுடி ஆர்லிங்டன் 1985 சீசனோடு நிறுத்திவிட்டது. ஆனாலும் உங்களுக்குப் பஞ்சமில்லை. டாலஸிலேயே எஸ்எம்யு, டென்டனில் நார்த் டெக்சாஸ், ஃபோர்ட் வொர்த்தில் டிசியு. எஸ்எம்யு ஸ்டேடியத்துக்குக் கார் வேண்டாம், மாக்கிங்பேர்ட் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

அக்டோபரில் காட்டன் பௌல் ஸ்டேடியத்தில் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் மோதும். டிக்கெட் விலை எட்டாத உயரம்தான், ஆனால் அதே வளாகத்தில் நடக்கும் மாநிலக் கண்காட்சிக்கான நுழைவும் அந்த டிக்கெட்டிலேயே அடக்கம். கண்காட்சிக்குத் தனியாக வாங்கிவிடாதீர்கள். டாலஸ் நகர ரயிலான டார்ட்டின் பச்சை வழி வண்டி ஃபேர் பார்க் வாசலிலேயே இறக்கிவிடும்.

கேள்வி: எல்லா ஆட்டத்தையும் வீட்டில் பார்க்க மாதம் 83 டாலர் கட்டச் சொல்கிறார்கள். வேறு வழி?

2025 விலைப்படி, சேனல்களை இணையத்தில் தரும் யூடியூப் டிவி மாதம் 82.99 டாலர். நான்கு மாதத்துக்கு 332. நான்கு பேர் தங்கும் வீட்டில் பங்கிட்டால்கூடச் சும்மா இல்லை.

ஆன்டெனாவில் இருந்து தொடங்குங்கள். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் நான்கும் காற்றில் இலவசமாக வருகின்றன. பிக் டென், எஸ்இசி என்பவை பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்புகள். பிக் டென் அணிகளின் முக்கிய ஆட்டங்கள் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசியில். எஸ்இசியின் பெரிய ஆட்டங்கள் 2024 முதல் ஏபிசியில். 20 முதல் 40 டாலருக்குள் ஆன்டெனா கிடைக்கும். "200 மைல் எட்டும்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். மத்தியத் தகவல்தொடர்பு ஆணையத்தின் இணைய வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் எந்த நிலையம், எந்தத் திசை, எவ்வளவு வலு என்று காட்டும். கோபுரம் இருக்கும் திசை ஜன்னலில் ஒட்டி, டிவியில் சேனல் ஸ்கேன் ஓட்டுங்கள். இடம் மாற்றினால் மறுபடி ஸ்கேன் ஓட்ட வேண்டும், பலர் இதை மறந்துவிட்டு ஆன்டெனா பழுது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். வரைபடத்தில் விஎச்எஃப் என்று காட்டும் நிலையம் தட்டையான தாள் ஆன்டெனாவில் சரியாக வராது. இரண்டு நீளக் கம்பி உள்ளதாக வாங்குங்கள். கோபுரம் பக்கத்திலேயே இருந்தால் ஆம்ப்ளிஃபயர் போட்டால் படம் இன்னும் கெடும். கணினி மானிட்டரில் சேனலைப் பிடிக்கும் ட்யூனர் இருக்காது என்பதையும் வாங்குவதற்கு முன் நினைவில் வையுங்கள்.

சில பிக் டென் ஆட்டங்கள் என்பிசியின் இணையச் சேவையான பீகாக்கில் மட்டுமே வரும். அந்த மாதத்துக்கு மட்டும் எடுத்து, எடுத்த கையோடு ரத்து செய்துவிடுங்கள், மாதம் முடியும்வரை பார்க்கலாம். ஈஎஸ்பிஎன் வேண்டுமென்றால் 2025 ஆகஸ்டிலிருந்து தனிச் செயலியாகக் கிடைக்கிறது, தொடங்கியபோது மாதம் 29.99 டாலர். விடுதியில் இருப்பவர்கள் இணையத்தோடு டிவி சேவையும் சேர்த்துத் தருகிறார்களா என்று விடுதி அலுவலகத்தில் கேளுங்கள்.

எதையும் சீசன் முழுக்க என்று முன்பணம் கட்டி வாங்காதீர்கள். 2025 அக்டோபர் 30 அன்று சேனல் உரிமையாளரான டிஸ்னியோடு ஒப்பந்தம் முறிந்து, யூடியூப் டிவியில் ஏபிசியும் ஈஎஸ்பிஎன்னும் நவம்பர் 14 வரை வரவில்லை. சீசனின் உச்சக்கட்ட வாரங்கள் அவை. ஆன்டெனா வைத்திருந்தவர்களுக்கு ஏபிசி வந்துகொண்டுதான் இருந்தது.

கேள்வி: வெளியூர் ஆட்டத்துக்கு விமான டிக்கெட் முன்கூட்டியே எடுத்தால் மலிவு. எடுக்கலாமா?

தேதி முன்பே தெரியும், நேரம் தெரியாது. ஆட்டம் தொடங்கும் கிக்ஆஃப் நேரத்தைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பல ஆட்டங்களுக்கு 12 நாள் முன்புதான், சில சமயம் 6 நாள் முன்புதான் முடிவு செய்கின்றன. கிழக்கு நேரப்படி நண்பகல் 12, மாலை 3:30, இரவு 7:30 எதுவாகவும் இருக்கலாம். இரவு ஆட்டம் முடிய 11 மணி தாண்டும். எனவே சனிக்கிழமை இரவே திரும்பும்படி எடுக்காதீர்கள், ஞாயிறு மதியத்துக்கு எடுங்கள். பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடமே நேரடியாக எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப்பணம் பெறலாம். அல்லது பணம் கட்டாமல் அந்த விலையை நிறுத்திவைக்கும் வசதியாவது தந்தாக வேண்டும். 25 வயதுக்குக் குறைந்தவர் வாடகைக் கார் எடுத்தால் தினசரிக் கூடுதல் கட்டணம் உண்டு. நான்கு பேரில் வயது கூடியவர் பெயரில் எடுங்கள், ஓட்டுவதும் அவரே என்றால் அந்தச் செலவு இல்லை.

கேள்வி: பிடித்த ஆட்டக்காரர் பெயர் போட்ட ஜெர்சி 100 டாலருக்கு மேல். வாங்கலாமா?

பெயர் போட்டதை வாங்காதீர்கள். 2021 ஜூலை முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி உண்டு, அதனால்தான் இப்போது பெயரோடு கிடைக்கிறது. ஆனால் சீசன் முடிந்ததும் ஜனவரியில் வேறு பல்கலைக்கழகத்துக்குத் தாவுவதும் இன்று சர்வசாதாரணம். அணியின் பெயர் மட்டும் போட்ட டி-ஷர்ட், உரிமம் பெற்றதற்கான ஹாலோகிராம் முத்திரையோடு, ஊருக்குள் இருக்கும் பெரிய கடைகளில் ஸ்டேடியக் கடையைவிட மலிவாகக் கிடைக்கும். ஒரு அளவு பெரிதாக எடுங்கள். நவம்பர் குளிரில் உள்ளே இரண்டு அடுக்கு போட வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மாணவர் டிக்கெட்டுகளை ஒவ்வொரு வாரமும் அதிக விலைக்கு விற்றால் என்ன?

ஒரு வாரம் போக முடியவில்லை என்று வாங்கிய விலைக்குச் சக மாணவருக்கு மாற்றிக் கொடுப்பது வேறு. லாபத்துக்காகத் தொடர்ந்து விற்பது வேறு. பல்கலைக்கழக விதியை மீறினால் சீசன் முழுவதற்குமான உரிமை போகும். அதைவிடப் பெரிது உங்கள் மாணவர் விசாவான எஃப்-1: அனுமதியில்லாத வேலை, வியாபாரம் என்று அது பார்க்கப்பட்டால் படிப்பையே பாதிக்கும். ஐந்து, பத்து டாலருக்காக அதைப் பணயம் வைக்காதீர்கள். போக முடியாத வாரத்தில் டிக்கெட்டை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள் அல்லது மாற்றிவிடுங்கள். எடுத்துவிட்டு வராதவர்களுக்கு அடுத்த ஆட்டத்தில் முன்னுரிமையைக் குறைக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.