சைக்கிளில் போகும்போது வாகனமோட்டிகள் கண்ணில் படுவது எப்படி? பளிச்சென்ற மஞ்சள் சட்டை போதுமா?

பகலில் உதவும். விடியுமுன் போதாது.

மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு எட்டு வருடமாகச் சைக்கிளில்தான் போகிறேன். காலை ஷிப்ட் 7 மணிக்கு. 1982 தொடக்கத்தில் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள் இல்லையா, அதனால் பினாங்கில் சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகிறது. பிப்ரவரியில் ஏழரையை ஒட்டி. நான் கிளம்பும் 6:15-க்குக் கும்மிருட்டு. அந்த மஞ்சள் சாயம் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அப்படி மின்னுகிறது. இருட்டில் அது வெறும் துணி. கார் விளக்கு பட்டதும் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் பட்டைதான் அப்போது கைகொடுக்கும். அதைக் கணுக்காலில் கட்டுங்கள். மிதிக்க மிதிக்க அது ஏறி இறங்குவதைப் பார்த்ததும், வருவது ஒரு மனிதன் என்று ஓட்டுபவருக்குப் புரிந்துவிடும். முதுகில் இருப்பது அப்படி அசையாது.

ஆனால் எந்தப் பட்டையும் விளக்கும் உதவாத ஓர் இடம் உண்டு. எங்கள் பிளாட்டில் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, என் சைக்கிளோடு போய் இடது கதவை ஒட்டி நின்றார். ஆறடி ஆள். கண்ணாடியிலும் இல்லை, ஜன்னலிலும் இல்லை. சைக்கிள் மணிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சிவப்பு விளக்கில் தினமும் அந்தச் சந்துக்குள்தான் நுழைந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, கண்ணாடியில என் முகம் உனக்குத் தெரிஞ்சாத்தான் நீ எனக்குத் தெரிவே" என்றார். அன்றிலிருந்து லோரி, பஸ் எதுவானாலும் பின்னாலேயே நின்றுகொள்கிறேன். இரண்டு நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.

அப்புறம், நிறுத்தியிருக்கும் கார்களுக்கு இடையே உள்ளே போவதும் வெளியே வருவதுமாக ஓட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் பின்னால் வருபவருக்கு நீங்கள் திடீரென்று முளைத்த ஆள். ஒரு கார் கதவு திறக்கும் அளவு தள்ளி, ஒரே நேர்கோட்டில் போங்கள்.

மழையென்றால் மத்தியானத்திலும் பின்விளக்கைப் போடுங்கள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்ததும் யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். என் கோட்டு சீட்டுக்கடியில் இருந்த சிவப்பு விளக்கை முழுசாக மூடியிருந்தது. இப்போது விளக்கைக் கேரியரின் பின்முனையில் மாட்டியிருக்கிறேன்.