காப்பி வேகம் 11 எம்பியைத் தாண்டவில்லையா? கேபிளைப் பாருங்கள்

விண்டோஸ் மேல் பழி போடாதீர்கள். இரண்டு கணினியிலும் கிகாபிட் போர்ட் (நொடிக்கு 1000 மெகாபிட் வரை போகும் கேபிள் துளை) இருந்தும், ரவுட்டர் வழியாக ஃபைல் காப்பி நொடிக்கு 11 எம்பியிலேயே நிற்கிறது என்கிறீர்கள். அந்த எண்ணிலேயே பதில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட் (எம்பி), நெட்வொர்க்கின் மேல்செலவு போக மிஞ்சுவது 11 சொச்சம். எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது.

பெரும்பாலும் கேபிள்தான். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி போதும். ஒரு கம்பி அறுந்தால் பல நெட்வொர்க் கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் வழக்கம்போல வருவதால் சந்தேகமே வராது. நானும் ஒருமுறை கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மூன்று தடவை மாற்றிவிட்டு, கடைசியில் கதவிடுக்கில் நசுங்கிய கேபிளைக் கண்டுபிடித்தேன்.

1. கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் போய், ஈத்தர்நெட்டை இருமுறை கிளிக் செய்து ஸ்பீடு பாருங்கள். இரண்டு கணினியிலும்.
2. 100 காட்டும் பக்கத்துக் கேபிளை மாற்றுங்கள். கேட் 5இ (Cat 5e) ரகக் கேபிள் போதும். கேட் 8 வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

மாற்றியும் 100 தானா? ரவுட்டர் போர்ட்டே அவ்வளவுதானோ என்று பாருங்கள். மலிவு ரவுட்டர்களில் இது சகஜம்.

இரண்டிலும் 1.0 ஜிபிபிஎஸ் (அதாவது கிகாபிட் வேகம்) காட்டினால் என் கணிப்பு தப்பு. அப்போது பழைய ஹார்ட் டிஸ்க்கோ, ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களோ இழுக்கலாம். ஒரே ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பார்த்துவிட்டு வேகம் எவ்வளவு என்று சொல்லுங்கள்.