டம்ளர் தண்ணீரில் மொச்சை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் பத்து மொச்சைகளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வைத்தாள். ஐந்து நாளாகிறது. நாற்றம்தான் வருகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனைகள் சொல்லுங்கள். - ஒரு வாசகி, பாலக்கோடு.

பதில்: உங்கள் மகள் பாதிச் சோதனையை முடித்துவிட்டாள். விதைக்கு உயிர் உண்டு, ஊறியதும் அது வேகமாக மூச்சுவிடத் தொடங்கும். தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தால் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் அழுகிவிடும். பயறு முளைகட்டும்போது காலையில் தண்ணீரை வடித்துவிட்டுத் துணியில் கட்டுகிறோமே, அது இதற்காகத்தான்.

மீதிப் பாதிக்குக் கொள்ளு எடுங்கள். நம் மானாவாரிக் காடுகளில் விளைவது. பையூர் 1, பையூர் 2 என்று பையூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களே உண்டு. ஒரே டப்பாவிலிருந்து பத்துப் பத்தாக மூன்று கிண்ணங்களில் போடுங்கள். ஒன்றில் காய்ந்த துணி, ஒன்றில் ஈரத்துணி, ஒன்றில் விதை மூழ்கத் தண்ணீர். மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒன்றை வெயிலிலும் இன்னொன்றை அலமாரியிலும் வைத்தால், வித்தியாசம் தண்ணீரால் வந்ததா வெளிச்சத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. எதில் எத்தனை முளைக்கும் என்று மகளை முதலிலேயே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் தினமும் எண்ணட்டும்.

மொச்சையையும் விட வேண்டாம். இரவு ஊறிய மொச்சை ஒன்றைத் துடைத்து, வெள்ளைத் தழும்புக்குப் பக்கத்தைப் பார்த்தபடி மெல்ல அழுத்துங்கள். ஊசிமுனை அளவு துளையிலிருந்து ஒரு சொட்டு நீர் எட்டிப் பார்க்கும். வேர் வெளியே வருவதும் அந்த இடத்தை ஒட்டித்தான். குழந்தைகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள், செய்யட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை அடுத்தது. கண்ணாடி டம்ளரின் உட்புறம் ஈரக் காகிதத்தைச் சுற்றி, கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஊறிய மொச்சைகளைச் செருகுங்கள். காகிதம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் விரற்கடை நீளம் வந்ததும் டம்ளரைப் படுக்க வைத்துவிடுங்கள். ஓரிரு நாளில் வேர்நுனி வளைந்து மறுபடி கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். புவியீர்ப்பை வேர் உணர்கிறது என்று பாடத்தில் படிப்பதைவிட, அந்த வளைவைக் கண்ணால் பார்ப்பது மனதில் நிற்கும்.

இருட்டில் வளர்த்தால் முளை வெளிறி நெட்டையாக நீளும். முளைப்பாரி மஞ்சளாக இருப்பது அதனால்தான்.

விதைக்கடையில் சிவப்பு, நீலச் சாயத்தோடு வரும் விதைகள் மருந்து கலந்தவை. அவை வேண்டவே வேண்டாம், சமையலறை டப்பாவில் உள்ளதே போதும். உடைத்த பருப்பு மட்டும் முளைக்காது.

மாம்பழக் காலம் என்றால் ஒரு கொட்டையும் நடலாம். கொள்ளு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் முளைக்கும், மாங்கொட்டை காய்ந்தால் செத்துவிடும். எனவே தின்ற கையோடு ஓட்டைப் பிளந்து, உள்ளே இருக்கும் பருப்பை ஈரமண்ணில் வைத்துவிடுங்கள். ஓட்டைப் பிளப்பது உங்கள் வேலை. மகள் கையில் கத்தி கொடுக்காதீர்கள்.